மேல் இறக்கை ஏன் கோணிக்கொள்கிறது?

போன இதழில் காகிதத்தை வெட்டி ஒட்டிச் செய்யும் மாடல் விமானங்களைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இரட்டை இறக்கை விமானங்களை, அதாவது பைபிளேன்களைப் பற்றியவை. அதிலும் ஒரே புலம்பல் வேறு வேறு கையெழுத்தில் வந்திருக்கிறது, தலைப்பைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கே: இதுவரை காகிதத்தில் ஒரு வீடும் ஒரு லாரியும் செய்திருக்கிறேன். அடுத்தது பைபிளேன்தான். நேராக சாப்வித் கேமலுக்குப் போகலாமா?

ப: இப்போதைக்கு வேண்டாம். முதல் உலகப் போர் காலத்து ஆங்கிலேயப் போர் விமானமான கேமல் பார்க்க அழகு, செய்ய அழுகை. முன்னால் வட்டமான எஞ்சின் மூடி, அதற்குப் பின்னால் துப்பாக்கிகளின் மேல் ஒரு திமில் (ஒட்டகம் என்று பெயர் வந்ததே அதனால்தான்), அதற்கும் பின்னால் தட்டையான பக்கங்கள். காகிதத்தில் வட்டம் தட்டையாக மாறும் இடம்தான் எப்போதும் உயிரை வாங்கும். போதாததற்கு இறக்கைகளுக்கு நடுவில் ஏகப்பட்ட கம்பிகள்.

முதல் பைபிளேனுக்கு நான் சொல்வது ஜெர்மனியின் ஃபாக்கர் டி.7. உடல் கிட்டத்தட்ட ஒரு நீளப் பெட்டி, மூக்கில் பழைய கார் மாதிரி ரேடியேட்டர், அதனால் வளைவு வேலை குறைவு. அதைவிட முக்கியம், அதன் இறக்கை தடிமனானது, உள்ளே இருக்கும் மரச்சட்டமே பாரத்தைத் தாங்கிவிடும், எனவே இறக்கைகளுக்கு இடையே கம்பி கிடையாது. 1918-இல் போர்நிறுத்தம் ஆனபோது ஒப்படைக்க வேண்டிய விமானங்களில் இந்த ரகத்தைப் பெயர் சொல்லியே கேட்டார்கள், அப்படிப்பட்ட விமானம். இன்னொரு வசதியும் உண்டு. அதன் இறக்கைத் துணியில் பலகோணக் கட்டங்களாக நாலைந்து நிறங்களை முன்கூட்டியே அச்சடித்திருப்பார்கள், பெயின்ட் அடித்ததல்ல. பிளாஸ்டிக்கில் செய்பவர்கள் அந்தக் கட்டங்களைக் கொண்டுவர மண்டையை உடைத்துக்கொள்வார்கள், நமக்கோ பிரிண்டர் செய்துவிடும். அச்சடித்த துணிக்கு அச்சடித்த காகிதம், இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

கே: 1/33 அளவில் (நிஜத்தைவிட 33 மடங்கு சின்னது) இருக்கும் பாகத்தாளை (வெட்டி ஒட்டும் பாகங்கள் அச்சடித்த தாள்) 1/48-க்குச் சிறிதாக்கினால் நன்றாக வருமா? எத்தனை சதவீதம் போட வேண்டும்?

ப: 33-ஐ 48-ஆல் வகுத்தால் 0.6875, ஆக 69 சதவீதம். 1/72 வேண்டுமென்றால் 46 சதவீதம். கணக்கு இவ்வளவுதான், ஆனால் காகிதத்தின் தடிமன் சதவீதத்தில் சிறுத்துக்கொள்ளாது. 1/33-இல் உள்ளே வைக்கும் குறுக்குத் தட்டுகளுக்கு 1 மி.மீ. அட்டை என்று போட்டிருந்தால், 1/48-இல் அதே அட்டை வெட்டிய பள்ளத்துக்குள் நுழையவே நுழையாது, 0.7-க்குப் போக வேண்டும். மேல்தோலையும் 160 ஜிஎஸ்எம்-இலிருந்து (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்) 120-க்கு இறக்குங்கள். 1/72-இல் பைபிளேனா? கண்ணும் கையும் ஒத்துழைத்தால் செய்யுங்கள், நான் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பிரிண்டரில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வு தானாகவே விழுந்திருக்கும், அது சத்தமில்லாமல் இரண்டு மூன்று சதவீதம் குறைத்துவிடும். எல்லாத் தாளும் ஒரே மாதிரி குறைந்தால் பரவாயில்லை. ஒரு தாள் கெட்டுப்போய் மறுநாள் அதை மட்டும் வேறு பிரிண்டரில் எடுப்பீர்கள் பாருங்கள், அப்போதுதான் வினை. வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு தாளிலும் அளவுகோல் வைத்து ஏதாவது ஒரு நீளத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

கே: இறக்கையை ஒட்டி முடித்ததும் நேராக இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடுகிறது.

ப: பசையில் இருக்கும் தண்ணீர். வெள்ளைப் பசையைப் புட்டியிலிருந்து நேராக ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு சொட்டை மூடியில் எடுத்து வைத்து, ஒரு நிமிடம் கெட்டியாக விட்டு, பல்குத்தும் குச்சியால் தொட்டுத் தடவுங்கள். இறக்கை மாதிரிப் பெரிய பரப்புக்கு, உள்ளே இருக்கும் நீளச்சட்டத்திலும் பின்விளிம்பிலும் மட்டும் பசை இருந்தால் போதும், முழுக்கப் பூச வேண்டாம். காகிதத்தின் ஓட்டத்தையும் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாகச் சுருளுகிறதோ அதை வைத்து ஓட்டம் தெரியும். ஓட்டம் இறக்கையின் நீளத்தோடு போனால் மேல்வளைவு தானாகவே படியும், குறுக்கே போனால் கடைசிவரை உங்களோடு மல்லுக்கட்டும்.

வளைவைப் பசை போடுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். உள்ளங்கையில் தாளை வைத்து, வட்டமான பென்சிலால் முன்விளிம்புப் பக்கம் கொஞ்சம் அழுத்தியும் பின்னால் போகப் போக லேசாகவும் உருட்டுங்கள். முன்விளிம்பில் கூர்மையான மடிப்பு விழுந்தால் அசிங்கமாக இருக்கும், அதனால் அந்தக் கோட்டைக் கத்தியால் கீறாமல், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் உள்பக்கம் அழுத்திக் கோடு போட்டால் போதும்.

கே: உடல், வால், கீழ் இறக்கை எல்லாம் நேராக வந்தன. மேல் இறக்கையை ஒட்டியதும் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் நிற்கிறது. பிரித்து ஒட்டினால் மறுபக்கம் கோணிக்கொள்கிறது. மூன்றாவது தடவை பிரித்தபோது ஸ்ட்ரட் (மேல் இறக்கையைத் தாங்கும் குச்சி) கிழிந்தே போய்விட்டது. என்ன தப்பு செய்கிறேன்?

ப: நான் செய்த அதே தப்பைத்தான். என் முதல் டைகர் மாத்தில் (ஆங்கிலேயப் பயிற்சி விமானம்) ராத்திரி மேல் இறக்கையை ஒட்டிவிட்டுப் பக்கவாட்டில் பார்த்தேன், அருமையாக இருந்தது, போய்ப் படுத்துவிட்டேன். காலையில் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தால், மூக்குக்கண்ணாடியை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி நிற்கிறது.

மேல் இறக்கைமேல் தப்பே இல்லை. இறக்கையை அதன் இடத்தில் நிறுத்தும் வேலையை ஸ்ட்ரட்டுகளிடம் விட்டோம் பாருங்கள், அதுதான் தப்பு. டைகர் மாத்தில் உடலுக்கு மேலே நாலு, இறக்கைகளுக்கு நடுவில் பக்கத்துக்கு இரண்டு, ஆக எட்டு ஸ்ட்ரட். ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. கூடக் குறைய இருந்தாலே இறக்கை எங்கேயோ போய்விடும், பசை காயும்வரை அத்தனையும் வழுக்கும் வேறு. முதலில் இறக்கையை வேறு எதையாவது கொண்டு சரியான இடத்தில் பிடித்து நிறுத்துங்கள், ஸ்ட்ரட் பிறகு வந்து இடைவெளியை நிரப்பிக்கொள்ளட்டும். நிஜ விமானத்தைப் பூட்டியவர்களும் முக்காலி, தூக்குக்குண்டு, மட்டப்பலகை, அளவுநாடா என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டுதான் பூட்டினார்கள்.

நான் செய்வது இப்படி. முதலில் கீழ் இறக்கை. ஒட்டியதும் ஒரு நூலை வாலின் கடைசி முனையில் குண்டூசியால் பிடித்து, இடது இறக்கை நுனிவரை அளந்து, அதே நூலை வலது நுனிக்குக் கொண்டுபோங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 1 மி.மீ. வித்தியாசம் என்றால்கூட இப்போதே திருத்திவிடுங்கள், மேல் இறக்கை வந்த பிறகு திருத்தவே முடியாது.

அடுத்தது தாங்கி. தடித்த அட்டையில் ஒரே மாதிரி இரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் கீழ் இறக்கையின்மேல் நின்று மேல் இறக்கையைத் தாங்க வேண்டும், அதாவது அதன் அடிவிளிம்பு கீழ் இறக்கையின் மேல்வளைவுக்கும் மேல்விளிம்பு மேல் இறக்கையின் அடிப்பக்கத்துக்கும் பொருந்தி உட்கார வேண்டும். பாகத்தாளில் பக்கவாட்டுப் படம் இருந்தால் அதிலிருந்தே நகல் எடுத்துவிடலாம். இந்தத் தாங்கியில் இரண்டு அளவுகள் அடங்கிவிடுகின்றன. ஒன்று, இறக்கைகளுக்கு நடுவில் உள்ள உயரம். இன்னொன்றைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள், மேல் இறக்கை எவ்வளவு முன்தள்ளி நிற்கிறது என்பது. டைகர் மாத்தில் மேல் இறக்கை நன்றாகவே முன்னால் இருக்கும், முன் இருக்கையில் இருப்பவர் பாராசூட்டோடு தப்பித்து வெளியே வர வழி வேண்டும் என்பதற்காக அதை முன்னே நகர்த்தினார்கள். நகர்த்தியதில் சமநிலை கெட்டுவிடக் கூடாதே என்று இறக்கைகளைப் பின்பக்கமாகச் சாய்த்தார்கள். நீங்கள் ‘நேராக இருக்கட்டும்’ என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்தால் ஸ்ட்ரட் எதுவும் சேராது.

தாங்கிகளை இரண்டு பக்கமும் ஸ்ட்ரட் வரும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே நிறுத்தி, மேல் இறக்கையைப் பசையில்லாமல் வைத்து, ஒரு ரப்பர் பேண்டை இழுக்காமல் சும்மா சுற்றி மாட்டுங்கள். முன்னால் இருந்து பாருங்கள், மேலிருந்து பாருங்கள், நூலால் மறுபடி அளந்து பாருங்கள். அப்புறம் எழுந்து போய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவை பாருங்கள், கண் ஏமாற்றும். எல்லாம் சரி என்றால் முதலில் உடலுக்கு மேலே இருக்கும் நாலு ஸ்ட்ரட், அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் வெளிப்பக்கம். ஸ்ட்ரட் நீளமாகத் தெரிந்தால் முனையை உப்புத்தாளில் தேயுங்கள், குட்டையாக இருந்தால் புதிதாக வெட்டுங்கள், இறக்கையை இழுத்து ஸ்ட்ரட்டோடு சேர்க்க மட்டும் கூடாது.

ஸ்ட்ரட்டே கிழிகிறது என்றால் அது வெறும் காகிதமாக இருக்கிறது என்று அர்த்தம். நடுவில் மெல்லிய இரும்புக் கம்பியோ சீவிய மூங்கில் குச்சியோ வைத்து மடித்து ஒட்டி, இரண்டு முனையிலும் 2 மி.மீ. வெளியே நீட்டி விடுங்கள். இறக்கையில் ஊசியால் துளை போட்டு அந்த முனையைச் செருகினால் பிறகு நகரவே நகராது.

கே: ரைட் சகோதரர்களின் 1903 விமானத்துக்குப் பாகத்தாள் கிடைத்தது. வரைந்தவர் கவனமில்லாதவர் போல, வலது இறக்கை இடதைவிட 3 மி.மீ. நீளமாக இருந்தது. வெட்டிச் சரிசெய்துவிட்டேன். இதையெல்லாம் யாரும் கவனிக்க மாட்டார்களா?

ப: ஐயோ, வெட்டிவிட்டீர்களா! வரைந்தவர் ரொம்பக் கவனமானவர். அந்த விமானத்தில் எஞ்சின் நடுவிலிருந்து வலதுபக்கம் தள்ளி இருந்தது, ஓட்டுபவர் இடதுபக்கம் குப்புறப் படுத்திருப்பார். எஞ்சின் ஆளைவிடக் கனம், அதை ஈடுகட்ட வலது இறக்கையை 4 அங்குலம் நீளமாக வைத்தார்கள். 4 அங்குலம் 1/33-இல் எவ்வளவு என்று பாருங்கள், சரியாக உங்கள் 3 மி.மீ. தான். ஒட்டுப் போட்டு மறைத்துவிடலாம், கவலைப்படாதீர்கள். இறக்கை நுனிகள் லேசாகக் கீழே தொங்கும்படி வரைந்திருந்தால் அதையும் ‘சரிசெய்து’ வைக்காதீர்கள், அதுவும் நிஜம்.

இதே வகையில் இன்னொரு வாசகி, கேமலில் வெளிப்பக்க ஸ்ட்ரட் குட்டையாக இருப்பதாகக் கோபப்பட்டிருக்கிறார். கேமலின் மேல் இறக்கை ஒரே நேர்கோடு, செய்வதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அப்படி வைத்துவிட்டு, கீழ் இறக்கையை மட்டும் 5 டிகிரி மேலே தூக்கினார்கள். அப்படியென்றால் உடலிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் போனால் கீழ் இறக்கை சுமார் 9 மி.மீ. ஏறியிருக்கும், நடுவிலிருக்கும் உயரம் நுனியில் இருக்காது. கேமலுக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. மேல் இறக்கை நேராக இருப்பதால் அதை மேசையில் கவிழ்த்துப் போட்டு, முழு விமானத்தையும் தலைகீழாக அதன்மேல் கட்டிவிடலாம்.

கே: இறக்கைகளுக்கு நடுவில் கம்பிக்குப் பதிலாகக் கட்டும் நூல் வேலை வெறும் அலங்காரம்தானே? விட்டுவிட்டால் என்ன?

ப: அது உங்கள் மாடல், விடலாம். ஆனால் நிஜத்தில் அலங்காரம் இல்லை. 1896-இல் ஆக்டேவ் சனூட் என்ற பொறியாளர் ஒரு இரட்டை இறக்கைக் கிளைடர் கட்டினார். ரயில் பாலங்கள் கட்டிப் பழகியவர், பாலத்தில் குறுக்குக் கம்பிகள் போடும் முறையை அப்படியே இறக்கைகளுக்கு நடுவில் கொண்டுவந்துவிட்டார். ரைட் சகோதரர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு இறக்கை, நடுவில் குச்சிகள், மூலைக்கு மூலை கம்பி. மெல்லிய மரமும் துணியும் பாரம் தாங்கியது அப்படித்தான்.

அந்தக் கம்பிகளில் இரண்டு வகை. உடலின் அடியிலிருந்து வெளிப்பக்க ஸ்ட்ரட்டின் மேல்முனைக்குப் போவது பறக்கும்போது இழுபடும், இறக்கை மேலே போய்விடாமல் பிடிக்கும். உடலுக்கு மேலேயிருந்து வெளிப்பக்க ஸ்ட்ரட்டின் அடிமுனைக்கு வருவது தரையில் நிற்கும்போது இறக்கையைத் தொங்கவிடாமல் பிடிக்கும். இது தெரிந்துவிட்டால் படம் இல்லாமலேயே பெரும்பாலான விமானங்களுக்கு நூல் கட்டிவிடலாம்.

காகிதத்திலும் அவை வேலை செய்யும், நல்லதையும் செய்யும் கெட்டதையும் செய்யும். இழுத்துக் கட்டினால் அரும்பாடுபட்டு நேராக்கிய இறக்கை நூல் பக்கம் சாய்ந்துவிடும். தொய்வு போகும் அளவுக்கு இருந்தால் போதும். பருத்தி நூல் ஈரக்காற்றில் தொய்யும், பிசிறும் அடிக்கும், பாலியெஸ்டர் நூலை மெழுகில் ஒரு தடவை இழுத்து எடுத்துக்கொள்ளுங்கள். நூல் மிகவும் மெல்லியதாக இருக்கட்டும், நிஜத்தில் 6 மி.மீ. இருக்கும் கம்பி 1/33-இல் 0.2 மி.மீ. கூட வராது. கறுப்பு வேண்டாம், அடர்சாம்பல். துளைகளை இறக்கை தனியாக இருக்கும்போதே ஊசியால் போட்டுவிடுங்கள். நூலை மேல் இறக்கைத் துளை வழியாக வெளியே எடுத்து, முனையில் ஒரு துணிக்கிளிப்பைத் தொங்கவிட்டு, ஒரு துளி பசை வைத்து, காய்ந்ததும் வெட்டுங்கள்.

கே: தம்பி, எனக்கு 68 வயது. கை லேசாக நடுங்குகிறது, கண்ணும் முன்போல் இல்லை. ஆசை மட்டும் இருக்கிறது. முடியுமா?

ப: தாராளமாக முடியும், ஐயா. ஏ4 தாளை ஏ3-ஆகப் பெரிதாக்கிக் கொள்ளுங்கள், 141 சதவீதம். 1/33 மாடல் கிட்டத்தட்ட 1/23 ஆகிவிடும். டைகர் மாத்தின் நிஜ இறக்கை நீளம் 8.94 மீட்டர், 1/33-இல் 27 செ.மீ. வரும், உங்களுக்கு 38 செ.மீ. வரும். பிடிக்கவே சுகமாக இருக்கும். காகிதத்தையும் கொஞ்சம் தடிமனாக எடுங்கள். நடுக்கத்துக்கு, வெட்டும்போது மணிக்கட்டை மேசையில் அழுத்தி வைத்து, கத்தியை நகர்த்தாமல் தாளைத் திருப்புங்கள். எனக்குக் கை நடுங்குவதில்லை, நானும் வளைவுகளை அப்படித்தான் வெட்டுகிறேன்.

கே: முதல் உலகப் போர் காலத்து ஆங்கிலேயப் போர் விமானத்தின் மேல்பக்க நிறம் பச்சையா பழுப்பா? மூன்று படத்தில் மூன்று மாதிரி இருக்கிறது.

ப: மூன்றும் சரி. மஞ்சள் மண் சாயத்தையும் கரிப்பொடியையும் கலந்த பூச்சு அது, கலவையைப் பொறுத்தும் வெயிலைப் பொறுத்தும் காக்கிப் பச்சையிலிருந்து சாக்லேட் பழுப்புவரை எதுவாகவும் இருந்திருக்கிறது. வெயிலில் துணி இற்றுப்போகாமல் காப்பதுதான் அதன் முக்கிய வேலை. அடிப்பக்கம் மட்டும் சாயமில்லாத லினன் துணி நிறம், வெள்ளை அல்ல, வெளுத்த வைக்கோல் மாதிரி. நிறத்துக்காகச் சண்டை போடும் நேரத்தில் வெட்டிய விளிம்புகளுக்கு வண்ணம் தீட்டுங்கள். வெள்ளை விளிம்பு தெரிந்தால் எவ்வளவு நேர்த்தியான மாடலும் அட்டைப்பெட்டி ஆகிவிடும்.

கே: அண்ணா, நான் எட்டாம் வகுப்பு. இதைச் செய்து முடித்து மாடியிலிருந்து விட்டால் பறக்குமா?

ப: பறக்காது தம்பி, விழும். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிஜ டைகர் மாத்தின் இறக்கைப் பரப்பு சுமார் 22.2 சதுர மீட்டர். மாடல் 33 மடங்கு சின்னது என்றால் பரப்பு 33 தடவை 33, அதாவது 1089 மடங்கு குறையும். வருவது 204 சதுர செ.மீ. ஒரு ஏ4 தாளின் பரப்பு 624. ஆக, இரண்டு இறக்கையும் சேர்ந்து ஒரு தாளில் மூன்றில் ஒரு பங்குதான், அது சுமக்க வேண்டியதோ பல தாள், அட்டை, கம்பி, காய்ந்த பசை. பறக்க வேண்டுமென்றால் ஒரே தாளில் மடித்த ராக்கெட்டை விடு, அது ஜோராகப் போகும். இதை அலமாரியில் வை.

கே: அலமாரியில் வைத்த பைபிளேனில் தூசி. ஊதினால் போகவில்லை, துடைத்தால் நூல் அறுகிறது.

ப: வாட்டர்கலர் அடிக்கும் அணில்முடி பிரஷ், புதியதாக, நனையாததாக. நூலின் நீளத்தோடு இழுங்கள், குறுக்கே வேண்டாம். ஈரத்துணி பக்கமே போகக் கூடாது, இங்க்ஜெட்டில் அச்சடித்ததாக இருந்தால் நிறம் துணிக்கு வந்துவிடும். அடுத்த மாடலுக்கு, வெட்டுவதற்கு முன்பே தாளின்மேல் மங்கலான வார்னிஷ் ஸ்ப்ரே ஒரு கை அடித்துவிடுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.